பேட்டரி இரண்டானால் ஃபியூஸும் இரண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு சக்கர இயக்க வண்டியில் போய்க் கூடாரம் அடித்துத் தங்குபவர்களுக்காக, வண்டியில் இரண்டாம் பேட்டரி பொருத்துவது பற்றி வாகனப் பக்கங்களில் அவ்வப்போது குறிப்புகள் வருகின்றன. எந்தப் பேட்டரி நல்லது, எத்தனை ஆம்பியர்-மணி வாங்கலாம் என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. எஞ்சின் பக்கம் இருக்கும் முன்பேட்டரிக்கும் புதிதாக வைக்கும் பின்பேட்டரிக்கும் நடுவே ஓடும் கேபிள் என்ன தடிமன், ஃபியூஸ் எந்த இடத்தில், எர்த் எதில் என்பவை பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. ஃபிரிட்ஜ் நடுராத்திரியில் நின்றுபோவதும், பேட்டரி ஒரே வருடத்தில் செத்துப்போவதும், ஒயர் கருகி வண்டியே எரிவதும் பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில் நடக்கும் தவறுகளால்தான். வாகன மின்வேலை செய்கிறவர்கள் என்ற முறையில், சொந்தமாகச் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கும், கடையில் கொடுத்துச் செய்பவர்கள் சரிபார்ப்பதற்கும் உதவும்படி இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. செல்ஃப் அடிக்கும் பேட்டரியின் உள்தகடுகள் மெல்லியவை. சில நொடிகளுக்கு 200 ஆம்பியருக்கு மேல் கொட்டிக் கொடுத்துவிட்டு, உடனே எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளப் பிறந்தவை. அதில் ஃபிரிட்ஜை மாட்டி ராத்திரி முழுக்க ஓட்டினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது; நாலைந்து முறை அடிமட்டம்வரை இறங்கினால் பேட்டரியே தேறாது. அதனால்தான் தடித்த தகடு கொண்ட டீப் சைக்கிள் பேட்டரி தனியாக வேண்டியிருக்கிறது. சில டீசல் வண்டிகள் கம்பெனியிலிருந்தே இரண்டு பேட்டரியோடு வரும். அவை இரண்டும் செல்ஃபுக்காக ஒன்றாக இணைக்கப்பட்டவை. ஒன்று காலியானால் மற்றதும் காலி. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

40 முதல் 50 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். நாள் முழுக்க ஓடாது. மிதமான வெயிலில் நூற்றுக்கு நாற்பது பங்கு நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 24 மணி நேரத்துக்கு 38 ஆம்பியர்-மணி. எல்.இ.டி. விளக்குகளுக்கு 5, இரண்டு போனுக்கு 3, சின்ன மின்விசிறிக்கு 4 என்று போட்டால் நாளொன்றுக்கு 50. கண்ணாடி ஏற்றிய வண்டி வெயிலில் நின்றால் உள்ளே இருக்கும் ஃபிரிட்ஜ் அறுபது பங்கு நேரம் ஓடும். அப்போது மொத்தம் 70. இந்தக் கூட்டலைப் போடாமல் பேட்டரி வாங்கக் கூடாது. ஏனென்றால் 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். (மூடி முத்திரையிட்ட ஈய-அமில வகை) பேட்டரியில் நிம்மதியாக எடுக்கக்கூடியது பாதி, அதாவது 50. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 80 எடுக்கலாம். எடையிலும் வித்தியாசம் பெரிது: ஏ.ஜி.எம். 30 கிலோவை ஒட்டி வரும், லித்தியம் 11 முதல் 14 கிலோ.

லித்தியம்தான் உயர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டோம். உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் பலகை, நல்ல தரமானதாக இருந்தால், அதைத் தடுக்கும். அதேபோல் பானெட்டுக்கு அடியில் எஞ்சின் சூட்டில் அதை வைக்கவே கூடாது. ஏ.ஜி.எம். பேட்டரியும் சூட்டை விரும்பாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய-அமிலப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. பானெட்டுக்குள் இடம் இருக்கிறது என்பதற்காக அங்கே திணிப்பதைவிட, பின்னால் டிக்கியில் வைத்துக் கேபிளுக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம். தண்ணீர் ஊற்றும் மூடி உள்ள சாதாரணப் பேட்டரியை மட்டும் ஆள் உட்காரும் பகுதிக்குள் வைக்க வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். வண்டி சாய்ந்தால் அமிலம் கொட்டும்.

பின்னால் வைப்பதென்றால் கட்டுமானம் முக்கியம். 30 கிலோ பேட்டரி, மோதலில் புவியீர்ப்பைப்போல் 20 மடங்கு வேகக்குறைப்புக்கு உள்ளானால் 600 கிலோ எடையின் விசையோடு முன்சீட்டை நோக்கி வரும். பிளைவுட் டிராயரில் மர ஸ்குரூ போட்டு இழுவாரால் கட்டியிருப்பதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். அது பேட்டரியை மேடுபள்ளத்தில் ஆடாமல் பிடிக்கும், அவ்வளவுதான். இரும்புத் தட்டு, மேலே குறுக்குப் பட்டை, தகட்டின் அடிப்பக்கம் அகலமான பெரிய வாஷர் கொடுத்து 8 மி.மீ. போல்ட், இவை வேண்டும். துளை போடும் முன் அடியில் படுத்து டீசல் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி ஆல்டர்னேட்டர். பழைய வண்டிகளில் அது எப்போதும் 13.8 முதல் 14.4 வோல்ட்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்துக்கு வோல்ட் பார்த்து இணைக்கும் ரிலே போதும்: 13.3 வோல்ட் வந்ததும் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், எஞ்சினை நிறுத்தி 12.8க்கு இறங்கியதும் பிரித்துவிடும். மலிவு, எளிமை, பழுதும் குறைவு. புதிய வண்டிகளில் நிலைமை வேறு. எரிபொருள் மிச்சம் பிடிக்க வண்டியின் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்துகிறது. செல்ஃப் பேட்டரி நிறைந்துவிட்டது என்று கண்டால், சீராக ஓடும்போது வோல்ட்டை 12.5க்கும் கீழே விட்டுவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் 15 வோல்ட்வரை தூக்கும். இந்த வண்டியில் ரிலேயை மாட்டினால், நாள் முழுக்க ஓட்டினாலும் பின்பேட்டரி பாதிகூட நிறையாது. ‘புது பேட்டரி, ஆனா சார்ஜே நிக்கல’ என்று வரும் வண்டிகளில் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டி எந்த ரகம் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன வோல்ட்மீட்டரை மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். முள் 13.8க்கு மேலேயே நின்றால் பழைய ரகம். 12 சொச்சத்துக்கும் 15க்கும் இடையே ஏறி இறங்கினால் புதிய ரகம். செல்ஃப் பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பில் மெல்லிய ஒயர் போகும் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தாலும் சந்தேகப்படலாம். அது பேட்டரி சென்சார். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

லித்தியத்தோடு வெறும் ரிலேயைச் சேர்ப்பதில் இரண்டு சிக்கல்கள். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு; காலியாக இருக்கும்போது ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். வண்டி நின்றபடி எஞ்சின் ஐட்லிங்கில் ஓடுகையில் விசிறிக் காற்றும் குறைவு, ஆல்டர்னேட்டரோ முழுச் சுமையில்; சுருள் சூடேறிப் போகும். அடுத்தது, நிறைந்த லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும். கிட்டத்தட்டக் காலியாகும்வரை 12.8க்குக் கீழே இறங்காது. எஞ்சினை நிறுத்திய பிறகும் ரிலேக்கு அது ‘எஞ்சின் ஓடுகிறது’ என்றே தெரியும். பிரிக்க வேண்டிய ரிலே பிரிக்காமலே கிடக்கும்.

ஆகவே புதிய ஆல்டர்னேட்டர், அல்லது லித்தியம், அல்லது பேட்டரி பின்னால் என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் டிசி-டிசி சார்ஜர்தான் வழி. உள்ளே 12 வோல்ட் வந்தாலும் 15 வந்தாலும், வெளியே பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டை அது கொடுக்கும். ஆம்பியரையும் ஓர் எல்லைக்குள் வைக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 25 ஆம்பியர் சார்ஜர் போதும். தினமும் குறைந்த நேரமே ஓட்டுபவர்கள் 40 பார்க்கலாம். சார்ஜரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். ஏ.ஜி.எம்., ஜெல், லித்தியம் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தும் வோல்ட் வேறு. ஏ.ஜி.எம். அமைப்பிலேயே லித்தியத்தை விட்டுவைப்பவர்கள் உண்டு. அமைப்பில் ‘சல்பேட் நீக்கும்’ உயர்வோல்ட் கட்டம் இருந்தால் லித்தியத்துக்கு அது ஆகாது.

ஒரு கணக்கைப் பலர் தவறவிடுகிறார்கள். 25 ஆம்பியர் சார்ஜர் என்றால் வெளியே வருவதுதான் 25. பேட்டரிப் பக்கம் 14.4 வோல்ட்டில் 25 ஆம்பியர் என்பது 360 வாட். சார்ஜருக்குள் பத்தில் ஒரு பங்கு சூடாகப் போனால், உள்ளே 400 வாட் வர வேண்டும். உள்வரும் வோல்ட் 12 ஆக இருக்கும் நேரத்தில் அது 33 ஆம்பியர். கேபிளும் ஃபியூஸும் இந்த 33க்குக் கணக்கிட வேண்டும், 25க்கு அல்ல.

இப்போது கேபிள். பானெட்டிலிருந்து டிக்கிவரை வளைந்து நெளிந்து போக 5 மீட்டர் ஆகும். நெகட்டிவும் சேர்த்தால் போக வர 10 மீட்டர். அந்தத் தூரத்தில் 33 ஆம்பியர் ஓடினால், செம்பின் தடைக் கணக்குப்படி 6 ஸ்கொயர் (உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மி.மீ. கணக்கில்) கேபிளில் 0.96 வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும். 10 ஸ்கொயரில் 0.58. 16 ஸ்கொயரில் 0.36. புதிய ஆல்டர்னேட்டர் 12.5க்கு இறங்கும் நேரம் பார்த்து 6 ஸ்கொயரில் என்ன நடக்கிறது பாருங்கள்: சார்ஜரின் வாசலுக்கு வந்து சேர்வது 11.5தான். வோல்ட் குறைந்துவிட்டது, முன்பேட்டரியைக் காப்பாற்றுவோம் என்று சார்ஜர் தன்னை அணைத்துக்கொள்ளும். அணைந்ததும் ஆம்பியர் இல்லை, வோல்ட் மறுபடி 12.5, சார்ஜர் ஓடத் தொடங்கும், மறுபடி விழும். விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்து அணைவதைப் பார்த்து சார்ஜரை மாற்றி வாங்குவார்கள். புதிய சார்ஜரும் அதையேதான் செய்யும். 16 ஸ்கொயர் போடுங்கள். 40 ஆம்பியர் சார்ஜர் என்றால் 25 ஸ்கொயர்.

வாங்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. சில சந்தைகளில் வாகன ஒயரின் ‘6 மி.மீ.’ என்பது மேலுறையும் சேர்த்த குறுக்களவு. உள்ளே செம்பு 4.6 ஸ்கொயர்தான் இருக்கும். மேலே சொன்ன கணக்கில் அதில் 1.25 வோல்ட் விழும். சுருளின் மேல் ‘50 ஆம்பியர்’ என்று போட்டிருப்பார்கள். உறை உருகாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. வோல்ட் விழாமல் எவ்வளவு கொண்டுபோகும் என்பதை அது சொல்லாது. ‘ஸ்கொயர் எத்தனை’ என்று கேட்டு வாங்குங்கள். முனையைக் கொஞ்சம் சீவிப் பார்த்து, உள்ளே செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று பார்ப்பதும் நல்லது. கம்பியைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஃபியூஸுக்கு வருவோம். இந்தக் கடிதம் எழுதக் காரணமே இதுதான். வீட்டு ஒயரிங்கில் கரண்ட் ஒரு பக்கமிருந்து வரும், ஃபியூஸ் அந்தப் பக்கம் ஒன்று இருந்தால் போதும். இங்கே கேபிளின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்காவது உறை தேய்ந்து சேசிஸில் பட்டால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். முன்னால் மட்டும் ஃபியூஸ் போட்டிருந்தால் முன்பக்கம் அறுந்துவிடும். பின்பேட்டரி தன் பங்குக்கு ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டி ஒயரைப் பழுக்கக் காய்ச்சும். நடுவே சார்ஜர் இருந்தால், அதற்கும் பின்பேட்டரிக்கும் இடையே உள்ள ஒரு மீட்டர் துண்டுக்கும் இதே கதிதான். ஆகவே முன்பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒன்று, பின்பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இன்னொன்று. அந்த ஒரு சாண் துண்டுக்குக் காவல் கிடையாது என்பதால் அதற்குத் தனியாக உறைக்குழாய் போட வேண்டும். 25 ஆம்பியர் சார்ஜருக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ், 40 ஆம்பியர் சார்ஜருக்கு 60. சார்ஜரோடு வந்த தாளில் வேறு எண் போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் காப்பது கருவியை அல்ல, கேபிளை. ‘அடிக்கடி போகுது’ என்று 40ஐ எடுத்துவிட்டு 80ஐச் செருகினால், அடுத்த முறை உருகப்போவது ஒயர். வகையிலும் கவனம் வேண்டும். போல்ட் போட்டு இறுக்கும் மிடி ஃபியூஸ் நம்பகமானது. ஒயரோடு தொங்கும் மலிவு பிளேடு ஃபியூஸ் கூடுகளில் உள்ளே பிடிப்பு தளர்ந்து, ஃபியூஸ் போகாமலே கூடு உருகுவது வழக்கம். தானாகவே மறுபடி சேர்ந்துகொள்ளும் சர்க்யூட் பிரேக்கர் வேண்டாம். ஷார்ட் ஆன ஒயருக்கு அது ஆறி ஆறிக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். லித்தியத்தில் ஷார்ட் ஆனால் பாயும் கரண்ட் மிக அதிகம், சாதாரண ஃபியூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி வளைவு நின்று எரியக்கூடும். பெரிய லித்தியத் தொகுப்போடு இன்வெர்ட்டர் வைப்பவர்கள் கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ் போடுவது அதனால்தான். அது 20,000 ஆம்பியர்வரை அறுக்கும்.

மிடி ஃபியூஸ் மாட்டும்போது ஒரு சின்ன விஷயம். போல்டில் முதலில் ஃபியூஸின் காது, அதன்மேல் நேராகக் கேபிள் லக் (கேபிள் முனையில் அழுத்திப் பொருத்தும் துளையுள்ள காது), அதற்கு மேல்தான் வாஷர், நட். லக்குக்கும் ஃபியூஸுக்கும் நடுவே வாஷர் நுழைந்துவிட்டால் கரண்ட் முழுக்க அந்த இரும்பு வளையத்தின் வழியே போக வேண்டும். இரும்பு செம்பைப் போல் கடத்தாது. 33 ஆம்பியரில் அது சூடேறி, ஃபியூஸ் வேளைக்கு முன்னால் போகும், பிளாஸ்டிக் அடித்தளம் பழுப்பாகும். கழற்றிப் பார்த்தால் ஃபியூஸ் கம்பி நடுவில் அறுந்திருக்காது, காதுப் பக்கம் கருத்திருக்கும். அப்படியிருந்தால் ஷார்ட் தேடி அலைய வேண்டாம், நட்டைக் கழற்றி வாஷரை இடம் மாற்றுங்கள்.

லக் அடிப்பது தனிக் கலை. சுத்தியலால் தட்டி நசுக்கினால் வெளியே நசுங்கியிருக்கும், உள்ளே கம்பிகளுக்கு நடுவே காற்று இருக்கும். ஈரம் அதில் நுழைந்து ஆறு மாதத்தில் பச்சை பூக்கும். அறுகோண அச்சுள்ள ஹைட்ராலிக் கிரிம்பர் ஒருநாள் வாடகைக்குக் கிடைத்தாலும் வாங்கி வாருங்கள். கேபிளின் உறையை லக் குழலின் ஆழத்துக்கு, அதற்கும் ஒரு மி.மீ. கூடுதலாகச் சீவ வேண்டும். ஒரு கம்பிகூட அறுபடக் கூடாது. குழலில் நுழையவில்லை என்று நாலு கம்பியை வெட்டி எறிபவர்கள் அந்த நாலு கம்பியின் ஆம்பியரையும் சேர்த்தே எறிகிறார்கள். 16 ஸ்கொயர் கேபிளுக்கு 16 ஸ்கொயர் லக், அதுவும் பேட்டரிக்கு 8 மி.மீ. துளை, ஃபியூஸுக்கு அதன் போல்டுக்கு ஏற்ற துளை. அழுத்திய பிறகு உடம்பு பலம் முழுக்கக் கொடுத்து இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாயை லக்கின் கழுத்தை மூடும்படி போட்டுச் சுருக்குங்கள். ஓரத்தில் பசை பிதுங்கி வந்தால்தான் தண்ணீர் போகாது. ஈயம் வைத்தால் இன்னும் உறுதி என்று நினைப்பது தவறு. ஈயம் கம்பிகளுக்குள் ஏறி, ஏறிய இடம்வரை கேபிளைக் குச்சிபோல் விறைப்பாக்கும். கரடுமுரடு சாலையின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும்.

கேபிளை எக்ஸாஸ்ட், ஸ்டியரிங் தண்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட், பானெட் கீல் இவற்றிலிருந்து ஒதுக்கிக் கொண்டுபோங்கள். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் இல்லாமல் ஒரு கேபிளும் போகக் கூடாது. தகட்டின் விளிம்பு கத்தி. முழு நீளத்துக்கும் நெளிவுக் குழாய் உறை, 30 செ.மீ.க்கு ஒரு கிளிப். உள்ளே கதவோரம், தூண்களின் உறைக்குள் மஞ்சள் ஒயரோ மஞ்சள் உறையோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் இணைப்பு. அதன்மேல் கேபிளைக் கட்டவும் வேண்டாம், அதில் டெஸ்ட் லைட் வைக்கவும் வேண்டாம்.

எர்த்தை எல்லோரும் கடைசியில் அவசரமாகச் செய்கிறார்கள். சேசிஸ் தனி, பாடி தனியாக உள்ள வண்டிகளில் பாடி ரப்பர் குஷன்மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சேர்ப்பது மெல்லிய பின்னல் பட்டை ஒன்றோ இரண்டோதான். டிக்கித் தகட்டில் ஒரு ஸ்குரூ போட்டு எர்த் எடுத்தால் 33 ஆம்பியரும் அந்தப் பட்டை வழியாகத் திரும்ப வேண்டும். பாசிட்டிவ் எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் நெகட்டிவையும் முன்னால்வரை கொண்டுபோவதே எங்கள் கட்சி. முன்னால் அதை எங்கே முடிப்பது என்பதில்தான் அந்தக் கறுப்புப் பெட்டி குறுக்கே வருகிறது. பேட்டரி சென்சார் உள்ள வண்டியில் நெகட்டிவை நேராகப் பேட்டரியின் முனையில் மாட்டினால், நமது கரண்ட் சென்சாருக்குத் தெரியாமல் போய்வரும். கம்ப்யூட்டரின் பேட்டரிக் கணக்கு தப்பும். சென்சாருக்கு அப்பால், பேட்டரியின் எர்த் கேபிள் சேசிஸில் இறங்கும் போல்டில் மாட்ட வேண்டும். பெயின்ட் இருந்தால் பளபளக்கும்வரை சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே வாசலைனோ பெயின்டோ தடவுங்கள். இறுக்குவதற்கு முன் தடவுவதல்ல.

சார்ஜரை எங்கே வைப்பது என்றால், பின்பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள். முன்பக்க நீளக் கேபிளில் விழும் வோல்ட்டைச் சார்ஜர் ஈடுகட்டும். தன்னைத் தாண்டி விழுவதை அதனால் ஈடுகட்ட முடியாது. தகட்டின்மேல் நேராக, காற்றுப் படும்படி. மெத்தைக்கும் பைகளுக்கும் அடியில் புதைத்தால் சூட்டில் தன் ஆம்பியரைத் தானே குறைத்துக்கொள்ளும். புதிய ஆல்டர்னேட்டர் வண்டியில் சார்ஜரின் இக்னிஷன் ஒயரைக் கட்டாயம் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் வோல்ட்டைப் பார்த்து எஞ்சின் நின்றுவிட்டதாக எண்ணி அது அணைந்துபோகும். சாவி போட்டால் 12 வோல்ட் வந்து, எடுத்தால் உடனே பூஜ்யமாகும் ஃபியூஸ் ஒன்றை மல்டிமீட்டரால் தேடி, 3 ஆம்பியர் ஃபியூஸோடு கிளை எடுங்கள். சாவி எடுத்த பிறகும் பத்து நிமிடம் உயிரோடு இருக்கும் சாக்கெட்டுகள் சில வண்டிகளில் உண்டு, அவை உதவாது.

வேலை தொடங்கும்போது சாவியை எடுத்து, பத்து நிமிடம் காத்திருந்து, செல்ஃப் பேட்டரியின் நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் வெல்டிங் அடிக்கும். எல்லா இணைப்பும் முடிந்து, கடைசியாகத்தான் இரண்டு ஃபியூஸையும் மாட்ட வேண்டும்.

பிறகு சோதனை. பின்பேட்டரியைப் பாதி இறக்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, மல்டிமீட்டரின் சிவப்பு முள்ளைச் செல்ஃப் பேட்டரியின் பாசிட்டிவிலும் கறுப்பு முள்ளைச் சார்ஜரின் உள்வாசல் பாசிட்டிவிலும் வையுங்கள். முள் எட்டாது, ஐந்து மீட்டர் மெல்லிய ஒயர் ஒன்றை நீட்டித்துக்கொள்ளலாம். காட்டும் எண்தான் பாசிட்டிவ் வழியில் விழும் வோல்ட். 16 ஸ்கொயரில் 0.2க்கு மேல் காட்டினால் எங்கோ ஒரு இணைப்பு சரியில்லை. நெகட்டிவுக்கும் அதேபோல். 20 நிமிடம் ஓடிய பிறகு ஒவ்வொரு லக்கையும் ஃபியூஸையும் தொட்டுப் பாருங்கள்; மற்றவற்றைவிடச் சூடாக உள்ளதைப் பிரித்துத் திரும்பச் செய்யுங்கள். எஞ்சினை நிறுத்தி ஃபிரிட்ஜை ஓடவிட்டு மறுநாள் காலையில் செல்ஃப் பேட்டரியை அளந்தால் 12.6ஐ ஒட்டி நிற்க வேண்டும். பின்பேட்டரியோடு சேர்ந்து அதுவும் இறங்கியிருந்தால் பிரிப்பு நடக்கவில்லை என்று பொருள்.

விடியற்காலையில் ஃபிரிட்ஜ் நின்றுபோகிறது, பேட்டரியோ 12.2 காட்டுகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி சிகரெட் லைட்டர் பிளக். ஸ்பிரிங் தள்ளிப் பிடிக்கும் அந்த முனை அதிர்வில் நழுவும். அதோடு பின்னால்வரை ஒரு ஸ்கொயர் ஒயர் மூன்று மீட்டர் ஓடினால், கம்ப்ரஸர் கிளம்பும்போது 5 ஆம்பியரில் அரை வோல்ட் விழும். பிளக்கில் விழுவதும் சேர, ஃபிரிட்ஜ் 11.5ஐப் பார்த்துவிட்டு, பேட்டரியைக் காக்கிறேன் என்று நிற்கும். தனி ஃபியூஸோடு 6 ஸ்கொயர் ஒயர், 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் (அதிர்வில் நழுவாமல் இறுகப் பிடிக்கும் இணைப்பு) என்று மாற்றினால் அதே பேட்டரியில் விடியும்வரை ஓடும். இன்வெர்ட்டர் வைப்பவர்கள் 1,000 வாட் என்றால் 12 வோல்ட் பக்கம் 90 ஆம்பியருக்கு மேல் என்று நினைவில் வையுங்கள். அதற்கு 35 ஸ்கொயர், முடிந்தவரை குட்டையாக, தனி ஃபியூஸோடு. லித்தியத்தில் எவ்வளவு மிச்சம் என்று வோல்ட் பார்த்துச் சொல்ல முடியாது, பெரும்பகுதி நேரம் 13.2ஐச் சுற்றியே நிற்கும். நெகட்டிவில் ஷண்ட் (ஓடும் கரண்டை அளக்க உதவும் சிறு தடை) வைத்து ஆம்பியர்-மணியை எண்ணும் மீட்டர் வேண்டும். ஷண்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே வேறு எந்த ஒயரும் நுழையக் கூடாது.

சோலார் பற்றி ஒன்றுதான். 100 வாட் பேனல் நல்ல வெயிலில் உச்சிவேளைக்கு 5 ஆம்பியர், நாளுக்கு 20 முதல் 30 ஆம்பியர்-மணி தரும். சார்ஜரிலேயே சோலார் வாசல் இருந்தால், மடக்குப் பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக மாட்டுங்கள். இரண்டு கட்டுப்பாடு வரிசையாக இருந்தால் ஒன்றையொன்று குழப்பி, வெயிலிலும் சார்ஜ் ஏறாது.

ஊர் திரும்பியதும் ஏ.ஜி.எம். பேட்டரியைப் பாதிச் சார்ஜில் விட்டுவிடாதீர்கள். கடைசி இருபது பங்கு நிறைய மணிக்கணக்கில் ஆகும், பயணத்தில் ஓடிய நேரம் அதற்குப் பற்றாது. வீட்டுச் சார்ஜரில் ஒரு ராத்திரி போட வேண்டும். டாஷ்போர்டுப் பெட்டியில் அதே அளவு மிடி ஃபியூஸ் இரண்டு, அதன் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஜம்பர் கேபிள் இருக்கட்டும். டிசி-டிசி சார்ஜர் பொதுவாகப் பின்னிருந்து முன்னுக்குக் கரண்ட் தராது என்பதால் ஜம்பர் கேபிள் இல்லாமல் இரண்டாம் பேட்டரியால் செல்ஃப் அடிக்க முடியாது.

ஆசிரியர் அவர்களே, வாகனப் பக்கத்தில் இனி இரண்டாம் பேட்டரியின் படம் போடும்போது, பளபளக்கும் பேட்டரிப் பெட்டியை மட்டும் போடாமல், பாசிட்டிவ் முனையும் அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உள்ள ஃபியூஸும் தெரியும்படி எடுத்த படத்தைப் போட்டு, கீழே கேபிள் எத்தனை ஸ்கொயர், ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாகன மின்வேலை செய்வோர் சிலர்